செயலி கேட்கட்டும், நூலகர் எடுத்துத் தரட்டும்

கடந்த ஆண்டு எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பிரிவு மாணவர்கள் நால்வர் சேர்ந்து பள்ளி நூலகத்துக்கு ஒரு செல்பேசிச் செயலி செய்தார்கள். பி.எச்.பி.யையும் மைஎஸ்கியூஎல்லையும் இணைக்கும் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. செயலியின் முகப்பை எம்.ஐ.டி. ஆப் இன்வென்டரில் கட்டைகளைப் பொருத்தி அமைத்தார்கள். தரவுத்தளத்தை ஓர் இலவச சர்வரில் ஏற்றினார்கள். எந்தப் புத்தகம் உள்ளே இருக்கிறது, எது யாரிடம் போயிருக்கிறது, எப்போது திருப்பித் தரவேண்டும் என்பதெல்லாம் செல்பேசியிலேயே தெரிந்தது. நூலகப் பொறுப்பாசிரியர் தமது நீள நோட்டை மூடி வைத்துவிடலாம் என்றே எண்ணிவிட்டார். காலை வணக்கக் கூட்டத்தில் நால்வருக்கும் கைத்தட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன்.

நான்கு நாள் கழித்து அந்தக் குழுவில் இல்லாத ஒரு மாணவி கணினி ஆய்வகத்தில் என்னிடம் வந்தாள். அதிகம் பேசாத பெண். "டீச்சர், எங்கம்மா போன் நம்பர் இதுல தெரியுது" என்றாள். திரையைப் பார்த்தேன். அவளுடைய அம்மாவின் எண் மட்டுமல்ல, மூன்று வகுப்பு மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் செல்பேசி எண் எல்லாம் வரிசையாக இருந்தன. பிறந்த தேதியைத்தான் கடவுச்சொல்லாகவும் வைத்திருந்தார்கள்.

அவள் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. செயலியின் ஏ.பி.கே. கோப்பைக் கணினியில் நகலெடுத்து, அதன் பெயரின் கடைசிப் பகுதியை 'ஜிப்' என்று மாற்றி விரித்திருக்கிறாள். உள்ளே இருந்த 'கிளாசஸ்' என்ற டெக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து 'எச்.டி.டி.பி.' என்று தேடியிருக்கிறாள். புரியாத குறிகளுக்கு நடுவே சர்வரின் முகவரியும், அதை அடுத்து 'செலக்ட்' என்று தொடங்கும் முழு வினவல் வரியும் அப்படியே கிடைத்திருக்கின்றன. அந்த முகவரியை உலாவியில் இட்டு, வினவலில் நிபந்தனைப் பகுதியை மட்டும் நீக்கி அனுப்பியிருக்கிறாள். சர்வரில் இருந்த பி.எச்.பி. கோப்பு எந்த வினவல் வந்தாலும் இயக்கிப் பதில் தரும்படி எழுதப்பட்டிருந்தது. 'செலக்ட்' இருந்த இடத்தில் 'டெலீட்' என்று எழுதியிருந்தால் அதையும் செய்திருக்கும்.

அன்று மாலையே தரவுத்தளத்தை இணையத்திலிருந்து இறக்கினோம். நால்வருக்கும் முகம் வாடிவிட்டது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வினவல் எழுதுவதையும் இணைப்பதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இணைப்பு யார் கையில் இருக்கப்போகிறது என்பதைச் சொல்லவில்லை. அடுத்து வந்த ஐந்து பாடவேளைகளில் அதைச் சொல்லிக் கொடுத்த விதம் மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படலாம். கணினி ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, இதன் முதல் பகுதிக்குக் கணினியே தேவையில்லை. ஆறாம் வகுப்பிலும் நடத்திப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒரு தெளிவு. பாடநூலில் உள்ள இணைப்பு முறையில் தவறில்லை. அங்கே பி.எச்.பி. நிரலும் தரவுத்தளமும் சர்வரின் பக்கம் இருக்கின்றன. தரவுத்தளத்தின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்த நிரலுக்குள் இருந்தாலும் வெளியாள் பார்ப்பது அதன் விடையைத்தான், நிரலை அல்ல. செல்பேசிச் செயலி அப்படியல்ல. அது முழுவதுமாக இன்னொருவரின் கையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவர் அதை வீட்டில் வைத்து ஆற அமரப் பிரித்துப் பார்க்கலாம். ஆகவே செயலிக்குள் வைக்கும் எதுவும் ரகசியமல்ல. இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் மற்றவை எல்லாம் தானாகப் பின்தொடர்கின்றன.

"பி.எச்.பி. எதுக்கு டீச்சர், ஜாவாவில எழுதினா போன்ல இருந்து நேராவே மைஎஸ்கியூஎல்லோட இணைக்கலாமே" என்று ஒரு மாணவன் கேட்டான். இணைக்கலாம்தான். ஆனால் அதற்கு மைஎஸ்கியூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் 3306 என்ற வாயிலை உலகத்துக்கே திறந்து வைக்க வேண்டும். செல்பேசியின் இணைய முகவரி இடத்துக்கு இடம் மாறுவதால், இன்னாரை மட்டும் விடு என்று வரம்பு கட்ட முடியாது. தரவுத்தளக் கடவுச்சொல் செயலிக்குள் போய்விடும். அது கசிந்தது தெரிந்து மாற்றினால், ஏற்கெனவே நிறுவிய அத்தனை செல்பேசிகளிலும் செயலி நின்றுபோகும். இதைக் கரும்பலகையில் படமாக வரைந்ததும் அவனே "வேணாம் டீச்சர்" என்றான்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். ஓர் அலமாரி, ஒரு பூட்டு, பத்துப் புத்தகங்கள், கடன் பதிவேடு ஒன்று, துண்டுச் சீட்டுகள். ஒருவர் நூலகர், மற்றவர்கள் வாசகர்கள். வாசகர் செயலி, நூலகர் சர்வரில் உள்ள நிரல், அலமாரியும் பதிவேடும் தரவுத்தளம்.

முதல் சுற்றில் நூலகர் இல்லை. அலமாரிச் சாவியின் நகல் எல்லோரிடமும் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் பதிவேட்டில் யாரோ மீசை வரைந்துவிட்டார்கள். செயலிக்குள் தரவுத்தளக் கடவுச்சொல்லை வைப்பது இதுதான்.

இரண்டாம் சுற்றில் நூலகர் உண்டு, சாவி அவரிடம் மட்டும். ஆனால் சீட்டில் எது எழுதியிருந்தாலும் செய்துவிட வேண்டும். 'பதிவேட்டின் மூன்றாம் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கவும்' என்று ஒரு சீட்டு வந்தது. நூலகராக இருந்த மாணவி என்னைப் பார்த்தாள். விதிப்படி செய்யத்தான் வேண்டும் என்றேன். கிழித்தாள். எங்கள் முதல் செயலி இந்த இரண்டாம் சுற்றில்தான் இருந்தது. நடுவில் ஆள் இருந்தார், ஆனால் வெறும் கையாக இருந்தார்.

மூன்றாம் சுற்றுதான் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. சீட்டு அச்சிட்டதுபோல் தயாராக இருக்கும்: 'பதிவெண் ____ உடைய மாணவரின் கடன் விவரம் தரவும்.' வாசகர் கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்பலாம். நூலகர் வாக்கியத்தை முழுதாகப் படித்து அதன்படி செய்வார். இப்போது பாதுகாப்புதானே என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். சற்று நேரம் யோசிக்க விட்டேன். பின்வரிசையில் ஒருவன் எழுதிக் கொண்டுவந்தான்: 'பதிவெண் 23 அல்லது எந்தப் பதிவெண்ணும் உடைய மாணவரின் கடன் விவரம் தரவும்.' கோடிட்ட இடத்தில் '23 அல்லது எந்தப் பதிவெண்ணும்' என்று நிரப்பி, அச்சிட்ட 'பதிவெண்' என்ற சொல்லோடு ஒட்ட வைத்துவிட்டான். வாக்கியம் இலக்கணப்படி சரி. நூலகர் எல்லோருடைய விவரத்தையும் வாசிக்க வேண்டியதாயிற்று. வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

இதற்குத்தான் எஸ்.கியூ.எல். ஊடுருவல் என்று பெயர். 1998 டிசம்பரில் 'ஃபிராக்' என்ற இணைய இதழில் இந்த உத்தி வெளிப்படையாக எழுதப்பட்டது. 25 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒழிந்தபாடில்லை. 2015இல் பிரிட்டனின் 'டாக்டாக்' தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தளத்தில் இதே வழியாக ஏறக்குறைய 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் வெளியே போயின. அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. அந்த வழக்கு தொடர்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் 17 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். இதைச் சொன்னபோது வகுப்பு சற்று அமைதியானது. நம் நாட்டிலும் உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினி அமைப்புக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளுக்குள் வரும். 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. சோதித்துப் பார்ப்பதெல்லாம் நம் ஆய்வகத்தில், நாமே செய்த செயலியில் மட்டும். இந்தச் சொல்லை விட்டுவிட்டு இந்தப் பாடத்தை நடத்தக் கூடாது என்பது என் கருத்து.

ஊடுருவலுக்கு மருந்து என்ன? மாணவர்களிடமே கேட்டேன். 'அல்லது' என்ற சொல்லைத் தடை செய்யலாம் என்றார்கள் பலர். உடனே ஒருவன் 'மற்றும்' போட்டான், இன்னொருத்தி 'அனைத்து' என்று எழுதினாள். தடைப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் நூலகராக இருந்த மாணவியே வழி கண்டாள். "வாக்கியமா சேர்த்துப் படிக்க மாட்டேன் டீச்சர். கட்டத்துல இருக்கிறதை அப்படியே பதிவெண்ணா எடுத்துக்குவேன். '23 அல்லது எந்தப் பதிவெண்ணும்'னு ஒரு பதிவெண் நம்மகிட்ட கிடையாது. போயிட்டு வாங்கன்னு சொல்லிடுவேன்."

பி.எச்.பி.யில் 'பிரிப்பேர்' என்பதும் 'பைண்டு பாரம்' என்பதும் செய்வது இதைத்தான். வினவலின் வடிவம் முதலில் தனியாகத் தரவுத்தளத்துக்குப் போய்விடுகிறது. பயனர் தந்த மதிப்பு பிறகு தனியாகப் போகிறது. அது எவ்வளவு தந்திரமாக எழுதப்பட்டிருந்தாலும் மதிப்பாகவே பார்க்கப்படும், கட்டளையாக மாறாது. சரங்களைப் புள்ளியால் ஒட்டி வினவல் அமைக்கும் பழக்கத்தை மாணவர்களிடம் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது. செய்முறைத் தேர்வில் இரண்டு முறைக்கும் ஒரே விடைதான் வரும் என்பதால் நாமும் கண்டுகொள்வதில்லை.

நான்காம் சுற்று அடையாள அட்டை. நூலகர் அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டை வாங்குவார். இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அட்டை 23ஆம் எண்ணுடையது, சீட்டில் 24 என்று எழுதியிருக்கிறது. அட்டை உண்மையானது, சீட்டும் ஒழுங்கானது. நூலகர் 24இன் கணக்கை வாசித்துவிட்டார்! 'நீ யார்' என்று கேட்டார், 'நீ கேட்பது உன்னுடையதா' என்று கேட்கவில்லை. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு ஏ.பி.ஐ. குறைபாடுகளுக்கு வெளியிட்ட பட்டியலில் 2019இலும் 2023இலும் முதலிடம் பெற்றது இந்தக் குறைதான். தீர்வு எளியது. யாருடைய கணக்கு என்பதைச் செயலியிடம் கேட்கவே வேண்டாம். அட்டையில் உள்ள எண்ணையே நூலகர் எடுத்துக்கொள்ளட்டும். சீட்டில் அந்தக் கட்டமே இருக்கக் கூடாது.

ஆறாம் வகுப்புக்கு இவ்வளவு போதும். மேல்வகுப்பில் இதைக் கணினிக்குக் கொண்டுபோனோம்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறிய பி.எச்.பி. கோப்பு: நுழைவுக்கு ஒன்று, புத்தகம் தேட ஒன்று, என் கடன் பார்க்க ஒன்று. செயலியிலிருந்து வினவல் போகாது, விவரம் மட்டும் போகும். விடை ஜேசன் வடிவில் வரும். ஆப் இன்வென்டரில் 'வெப்' என்ற உறுப்பு இதற்குப் போதுமானது. தரவுத்தளக் கடவுச்சொல் தனியொரு கோப்பில், இணையத்திலிருந்து எட்டக்கூடிய கோப்புறைக்கு வெளியே. அந்தக் கோப்பை கிட்ஹப்பில் ஏற்றிவிடக் கூடாது. ஒருமுறை ஏறிவிட்டால் பின்பு நீக்கினாலும் பழைய பதிப்பில் கிடக்கும், கடவுச்சொல்லை மாற்றுவதுதான் வழி.

தரவுத்தளத்துக்குள் நுழைய 'ரூட்' பயனரைப் பயன்படுத்துவதை விட்டோம். ஆய்வகத்தில் நாம் நிறுவும் சாம்ப் மென்பொருளில் ரூட்டுக்குக் கடவுச்சொல்லே இல்லாமல்தான் வருகிறது. கற்பதற்கு அது வசதி, ஆனால் அந்தப் பழக்கம் வெளியே போகும்போதும் கூடவே போகிறது. செயலிக்கென ஒரு பயனரை உருவாக்கி, நூலகத் தரவுத்தளத்தில் படிக்கவும் சேர்க்கவும் திருத்தவும் மட்டும் 'கிராண்ட்' கட்டளையால் உரிமை தந்தோம். அழிக்கும் உரிமை அதற்கு இல்லை. நடு நிரலில் நாம் எங்காவது தவறு செய்திருந்தாலும் அட்டவணையையே அழித்துவிட முடியாது.

கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதையும் நிறுத்தினோம். பி.எச்.பி. 5.5 பதிப்பு முதல் 'பாஸ்வேர்டு ஹாஷ்' என்ற செயற்கூறு உண்டு. ஒரே சொல்லை இரண்டு முறை அதற்குக் கொடுத்து இயக்கச் சொன்னேன். இரண்டு வெவ்வேறு நீள வரிகள் வந்தன. தவறாக எழுதிவிட்டோமோ என்று மூன்றாவது முறையும் இயக்கினார்கள், மூன்றாவதாக ஒன்று வந்தது. ஒவ்வொரு முறையும் 'சால்ட்' எனும் தற்செயல் சரத்தை அது சேர்த்துக்கொள்கிறது. ஆகவே ஒரே கடவுச்சொல் வைத்த இரண்டு பேரைக்கூடப் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சரிபார்க்க 'பாஸ்வேர்டு வெரிஃபை'. மறந்துவிட்டேன் என்று வருபவருக்குப் பழைய கடவுச்சொல்லை ஆசிரியராலும் எடுத்துத் தர முடியாது, புதியது வைத்துத்தான் தர வேண்டும். "அப்போ டீச்சருக்கும் தெரியாதா?" என்று கேட்டார்கள். தெரியாது. தெரியாமலிருப்பதே நல்லது.

நுழைவு சரியானால் சர்வர் ஒரு நீண்ட தற்செயல் சரத்தை உருவாக்கித் தரும். டோக்கன் என்கிறோம், விளையாட்டில் அடையாள அட்டை. செயலி அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பும். எங்கள் செயலி அதை டைனி டிபியில் வைக்கிறது. அது பூட்டிய பெட்டியல்ல, ஆகையால் டோக்கனுக்கு ஒரு வாரக் காலக்கெடு வைத்தோம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் செய்பவர்கள் 'கீஸ்டோர்' வசதியைப் பயன்படுத்தலாம்.

வழியில் யாரும் படித்துவிடாமலிருக்க எச்.டி.டி.பி.எஸ். வேண்டும். டோக்கனை வெறும் எச்.டி.டி.பி.யில் அனுப்பினால், பொது வைஃபையில் உடன் இருப்பவர் அதை எடுத்துக்கொள்ள முடியும். ஆண்ட்ராய்டு 9ஐ இலக்காகக் கொண்டு அமைக்கும் செயலிகளில், தனியாக அனுமதி குறிப்பிட்டாலொழிய குறியாக்கமற்ற இணைப்பு தடுக்கப்படுகிறது. 'லெட்ஸ் என்கிரிப்ட்' சான்றிதழ் இலவசம் என்பதால் செலவைக் காரணம் காட்ட இடமில்லை.

பி.எச்.பி. வேண்டாம், ஃபயர்பேஸ் போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நடு ஆள் இல்லை என்று எண்ண வேண்டாம். 'ரூல்ஸ்' எனப்படும் விதிகள்தான் நூலகர். செயலிக்குள் இருக்கும் ஏ.பி.ஐ. சாவி ரகசியமல்ல, அது தெரிந்தால் பாதகமில்லை. விதிகளைச் சோதனை நிலையில் விட்டுவைத்தால்தான் பாதகம். அந்த நிலையில் 30 நாளுக்கு யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம். நாள் முடிந்து செயலி நின்றதும் தேதியை மட்டும் தள்ளிப் போடுகிறார்கள்.

செயலி பக்கமே போகாத ஆசிரியர்களும் இதே அலமாரியைத் திறந்து வைக்கிறோம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வகுப்பு விவரத்தை கூகுள் தாளில் இட்டு, 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்று வைத்து, வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். அவசரம், மேலிருந்து கேட்கிறார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த இணைப்பு எத்தனை குழுக்களுக்குப் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. வேலை முடிந்த அன்றே அந்த அனுமதியை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

எல்லாம் சரிசெய்த பிறகு, அந்த மாணவியின் அம்மாவுடைய எண்ணுக்கு வந்தோம். நூலகச் செயலிக்குப் பெற்றோரின் எண் எதற்கு? நால்வரையும் கேட்டேன். "எமிஸ்ல இருந்துச்சு டீச்சர், அதான் போட்டோம்" என்றார்கள். வேறு காரணம் இல்லை. பிறந்த தேதியும் அப்படியே வந்ததுதான். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பொது விதி. கல்விப் பணிக்குச் சில விலக்குகள் தரப்பட்டிருந்தாலும், தேவையில்லாததைச் சேர்த்து வைப்பதற்கு அது அனுமதியாகாது. இரண்டு நெடுவரிசைகளையும் நீக்கினோம். நூலக உறுப்பினர் எண், பெயர், வகுப்பு, பிரிவு. புத்தகம் கொடுக்கவும் வாங்கவும் இதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. இல்லாத தகவலை யாராலும் திருட முடியாது என்று ஒரு மாணவன் சொன்னபோது, இதை முதல் நாளே செய்திருந்தால் பாதித் தலைவலி குறைந்திருக்குமே என்று தோன்றியது.

அந்த மாணவியை ஐந்தாவது உறுப்பினராகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். புதிய பதிப்பு வந்ததும் ஆய்வக வலையமைப்புக்குள் வைத்து அதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. ஏ.பி.கே.யைப் பிரித்தாள், முகவரி மட்டுமே கிடைத்தது. எண்ணை மாற்றி அனுப்பினாள், தன் கணக்கே வந்தது. மூன்றாம் நாள் உறுப்பினர் எண் கட்டத்தில் ஆயிரம் எழுத்துகளை ஒட்டி அனுப்பினாள். பி.எச்.பி.யின் பிழைச் செய்தி அட்டவணைப் பெயரோடும் கோப்பின் பாதையோடும் திரையில் கொட்டியது. பிழைகளைத் திரையில் காட்டாமல் பதிவுக் கோப்பில் எழுதும்படி மாற்றி, பயனருக்கு 'மீண்டும் முயலவும்' என்று மட்டும் காட்டினோம்.

இப்போது நூலகத்தில் செயலியும் ஓடுகிறது, நீள நோட்டும் இருக்கிறது. பொறுப்பாசிரியர் இரண்டிலும் எழுதுகிறார். ஒரு குறை மட்டும் பாக்கி நிற்கிறது. கடவுச்சொல்லை எத்தனை முறை தவறாக இட்டாலும் செயலி சலிக்காமல் மறுபடி கேட்கிறது. ஐந்து முறை தவறினால் கால் மணி நேரம் காத்திருக்க வைக்க வேண்டும். அதை இந்த ஆண்டு வந்திருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன்.